உறையை வெட்டாதீர்கள்: தனியார் விமானங்கள் சுமந்த கடிதங்களைச் சேகரிப்பது பற்றி

அந்தமானின் குட்வில் எஸ்டேட்டில் மழை ஓயாத ஒரு பிற்பகலில், பக்கத்து வீட்டுச் சிறுவன் என்னைத் தேடி வந்தான். பள்ளியில் பொழுதுபோக்குக் கண்காட்சி நடக்கவிருந்தது. அவனுடைய கொள்ளுப்பாட்டனார் ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். அவர் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த தகரப் பெட்டி, இரண்டு தலைமுறை கழித்து இத்தீவுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதிலிருந்த பழைய கடிதங்களின் அஞ்சல்தலைகளைச் சிறுவன் கத்தரித்து, வெந்நீர்க் கிண்ணத்தில் ஊறவைத்து, செய்தித்தாள்மேல் வரிசையாகக் காயவைத்திருந்தான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பதித்த முப்பது நாற்பது தலைகள். "சார், இதுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டான்.

நான் வேறொன்று கேட்டேன்: "உறைகள் எங்கே, தம்பி?"

"பூஞ்சை பிடிச்சிருந்துச்சு சார். அம்மா அடுப்புல போட்டுட்டாங்க."

கிண்ணத்தின் அடியில் ஒரே ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓர் உறையின் மூலை. முன்பக்கத்தில் வான்வழி அஞ்சலைக் குறிக்கும் நீலச் சீட்டு. பின்பக்கத்தில் ரங்கூன் அஞ்சலகத்தின் வருகை முத்திரை, 1933 டிசம்பர். நாள் இருந்த இடத்தில் கத்தரிக்கோல் போயிருந்தது.

அந்த டிசம்பர் முதல் நாளில்தான் இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் என்ற தனியார் நிறுவனம் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தன் வாராந்தர விமானத்தைத் தொடங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, இம்பீரியல் ஏர்வேஸின் கூட்டாளியான இந்தியன் டிரான்ஸ்கான்டினென்டல் ஏர்வேஸும் அதே தடத்தில் பறக்கத் தொடங்கியிருந்தது. அடுப்பில் எரிந்த அக்கடிதத்தை இரண்டில் எது சுமந்தது? புறப்பட்ட ஊரின் முத்திரையும், நாளும், கட்டணமும், முகவரிக்கு மேலே எழுதிய வழிக்குறிப்பும் இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். எஞ்சிய அஞ்சல்தலையோ சாதாரணமானது, லட்சக்கணக்கில் அச்சானது. அதற்குச் சில ரூபாய்க்கு மேல் எவரும் தரமாட்டார்கள். பர்மா 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்ததால், அங்கும் இங்கும் புழங்கியது ஒரே தலைதான்.

இக்கட்டுரையை அந்தச் சிறுவனுக்காகவே எழுதத் தொடங்கினேன். இத்தகைய பெட்டிகள் நம் வாசகர்கள் பலரின் வீட்டுப் பரணிலும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தீவும் புறாவும்

விமான அஞ்சலின் கதையை விமானத்துக்கு முன்பிருந்தே தொடங்கலாம். தொடக்கம் ஒரு தீவு என்பதால் எனக்கு அதில் தனிப் பிரியம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கிரேட் பேரியர் என்ற தீவு உள்ளது. 1894-இல் வைராராபா என்ற கப்பல் அங்கே பாறையில் மோதி மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அச்செய்தி ஆக்லாந்தை அடைய மூன்று நாட்கள் ஆயின. கப்பலின் வருகையை நம்பியே வாழும் மக்களுக்கு அந்த மூன்று நாட்களின் கனம் தெரியும். நம் தீவுகளிலும் தெரியும்.

சில ஆண்டுகள் கழித்துத் தனியார் அங்கே புறா அஞ்சலைத் தொடங்கினர். மெல்லிய தாளில் எழுதிய செய்தி புறாவின் காலில் கட்டப்படும். 1898-இல் இச்சேவைக்கெனத் தனித் தலைகளே அச்சாயின. விமானம் பிறக்குமுன் வெளியான வானஞ்சல் தலைகள் இவை என்று சேகரிப்பாளர்கள் அவற்றைப் போற்றுகின்றனர். போட்டிக்கு இன்னொரு நிறுவனமும் முளைத்தது. 1908-இல் கடலடித் தந்திக் கம்பி தீவை எட்டியதும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது.

இந்த அமைப்பே பின்னர் விமானத்துக்கும் வந்தது. அரசு அஞ்சல் துறை போகாத, அல்லது போக மனமில்லாத இடத்துக்குத் தனியார் ஒருவர் விரைவாகக் கடிதம் கொண்டுபோகிறார். அதற்கான கூடுதல் கூலிக்குத் தம் பெயரில் தலை அச்சிட்டு ஒட்டுகிறார். கொலம்பியாவில் 1919-இல் தொடங்கிய ஸ்காட்டா நிறுவனம் இதில் மிகவும் புகழ்பெற்றது. மக்தலேனா ஆற்றில் படகு பல நாட்கள் ஊர்ந்து கடக்கும் தொலைவை அதன் மிதவை விமானங்கள் சில மணி நேரத்தில் கடந்தன. கடிதத்தில் அரசின் தலையும் நிறுவனத்தின் தலையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டன. வெளிநாடுகளிலிருந்த கொலம்பியத் தூதரகங்களிலும் அத்தலைகள் விற்கப்பட்டன. எந்த நாட்டில் விற்றது என்பதைக் காட்ட அவற்றின்மேல் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. கனடாவின் வடபகுதியில் பொன் தேடிப் போனவர்களுக்குக் கடிதம் சுமந்த லாரன்டைட், பட்ரீஷியா, யூகான் போன்ற சிறு நிறுவனங்களும் 1924 முதல் சுமார் பத்தாண்டுகள் இவ்வாறு தலை வெளியிட்டன. 1933-இல் இங்கிலாந்தின் ஓர் இரயில்வே நிறுவனம்கூட கார்டிஃப், பிளிமத் நகரங்களுக்கு இடையே விமானம் விட்டு, கடிதத்துக்கு மூன்று பென்னித் தலை ஒட்டியது.

வெளிநாட்டுச் சேகரிப்பு நூல்களைப் படித்துவிட்டு நம்மவர்கள் தவறுவது இங்கேதான். அங்கே தலை இருக்கிறது. ஆகவே இந்தியாவிலும் டாடா நிறுவனத்துக்கு ஒரு பழைய வானஞ்சல் தலை இருக்க வேண்டும் என்று தேடுகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது.

தலையில்லாத நிறுவனங்கள்

காரணம் சட்டம். 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், கடிதங்களைக் கொண்டுசெல்லும் உரிமையை அரசுக்கு மட்டுமே உரியதாக்கியது. தனியார் விமானம் கடிதம் சுமக்கலாம். ஆனால் அஞ்சல் துறையின் ஒப்பந்தக்காரராக மட்டுமே. எடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்ளலாம்; தன் பெயரில் தலை வெளியிட முடியாது. ஆகவே இந்தியத் தனியார் விமானங்களின் தொடக்க வரலாறு அஞ்சல்தலைகளில் பதிவாகவில்லை. உறையின் முன்னும் பின்னும் விழுந்த முத்திரைகளில்தான் பதிவாகியிருக்கிறது. தலையைக் கத்தரித்தெடுத்தால் கையில் மிஞ்சுவது அரசின் தலை. குப்பைக்குப் போவது அந்த நிறுவனம் பறந்ததற்கான சான்று.

இந்தியாவின் முதல் வானஞ்சலே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து யமுனைக்கு அப்பால் இருந்த நைனிக்கு, ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் ஹம்பர்-சோமர் விமானத்தில் ஏறத்தாழ 6,500 கடிதங்களைக் கொண்டுசென்றார். பறந்தது சுமார் 10 கிலோமீட்டர். ஆன நேரம் 13 நிமிடம். கண்காட்சிக்கு விமானங்களைக் கொண்டுவந்திருந்த வால்டர் விண்டம் என்பவர்தான் இதற்கு ஏற்பாடு செய்தார். கடிதத்துக்கு ஆறணா சிறப்புக் கட்டணம்; அத்தொகை அவ்வூர் மாணவர் விடுதி ஒன்றின் நன்கொடைக்குப் போனது. தனித்தலை எதுவும் அச்சாகவில்லை. வழக்கமான தலைமேல், மலையில் பறக்கும் விமானத்தின் உருவம் கொண்ட வட்ட முத்திரை செந்நீல மையில் குத்தப்பட்டது. அந்த முத்திரையே அதன் அடையாளம். உறையை அல்லது அட்டையை வெட்டினால் வட்டத்தில் கால்பகுதிதான் தலையோடு வரும்.

அரசு வானஞ்சல் தலைகளை வெளியிட்டது 1929 அக்டோபரில். இரண்டணா முதல் பன்னிரண்டணா வரை ஆறு தலைகள். மன்னரின் உருவத்தோடு பறக்கும் ஹெர்குலிஸ் விமானம். அழகான வரிசை, நாசிக் அச்சகத்தின் கைவண்ணம். ஆனால் வானஞ்சல் கடிதத்தில் இத்தலையைத்தான் ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரணத் தலைகளால் உரிய கட்டணத்தைச் செலுத்தினாலும் கடிதம் பறந்தது. விமானப் படமில்லாத தலை ஒட்டியிருக்கிறது என்பதற்காக எந்த உறையையும் ஒதுக்கிவிடக் கூடாது.

கராச்சியிலிருந்து சென்னைக்கு

தமிழ்நாட்டுக்கு உரிய அத்தியாயம் 1932 அக்டோபர் 15 அன்று தொடங்குகிறது. இலண்டனிலிருந்து கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸ் 1929 முதலே அஞ்சல் கொண்டுவந்தது. மேற்கொண்டு தென்னகம் நோக்கி இரயில்தான். இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் இருவர்: பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியிருந்த நெவில் வின்சென்ட், இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்ற ஜே. ஆர். டி. டாடா. டாடா சன்ஸ் நிறுவனத்தின் விமானப் பிரிவுக்கும் அரசுக்கும் பத்தாண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. அரசின் மானியம் கிடையாது. சுமக்கும் அஞ்சலுக்கு உண்டான கூலி மட்டுமே.

அன்று காலை டாடா தாமே ஒற்றை எஞ்சின் பஸ் மோத் விமானத்தில் சுமார் 25 கிலோ அஞ்சலோடு கராச்சியிலிருந்து புறப்பட்டார். அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் தகரங்கள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தன. பிற்பகலில் பம்பாயின் ஜுஹு களத்தை அடைந்தார். அங்கிருந்து வின்சென்ட் வேறொரு பஸ் மோத்தில் அஞ்சலைப் பெல்லாரிக்குக் கொண்டுபோய், இரவு தங்கி, மறுநாள் சென்னை சேர்த்தார். இரவில் பறக்க வழியில்லாத காலம். விளக்கும் இல்லை, வானொலி வழிகாட்டலும் இல்லை. ஜுஹு களமோ மழைக்காலத்தில் சேறாகிவிடும். அந்த மாதங்களில் பூனாவைப் பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில் பெல்லாரிக்குப் பதில் ஹைதராபாத் வழியாகத் தடம் மாறியது. 1935-இல் திருவனந்தபுரத்துக்கும் 1938-இல் கொழும்புக்கும் நீண்டது. அதே நிறுவனம் 1946-இல் ஏர் இந்தியா ஆகி, 1953-இல் நாட்டுடைமையாகி, 2022-இல் டாடாவிடமே திரும்பியதை நாம் அறிவோம்.

இவ்வளவு சிறு விமானத்துக்கு இவ்வளவு கடிதம் தந்தவர்கள் யார்? காதலர்களும் உறவினர்களும் ஓரளவு. பெரும்பாலோர் வணிகர்களும் வங்கியாளர்களும். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு லட்சம் ரூபாய்க்கான உண்டியல் ஒன்று வழியில் இருக்கிறது என்று கொள்வோம். ஆண்டு வட்டி ஆறு சதவீதம் என்றால், ஒரு நாள் வட்டி பதினாறு ரூபாய்க்கும் மேல். மூன்று நாள் முன்னதாக வந்து சேர்ந்தால் மிச்சம் ஏறத்தாழ 49 ரூபாய். விமானத்துக்கான கூடுதல் கட்டணமோ அணாக் கணக்கு. ஆகவேதான் அக்கால உறைகளில் வங்கிகள், பஞ்சு வணிகர்கள், ஏற்றுமதி நிறுவனங்கள் ஆகியோரின் அச்சிட்ட முகவரிகளை அடிக்கடி காண்கிறோம். நம் சிறுவனின் கொள்ளுப்பாட்டனார் வேலை பார்த்த கடைக்கும் ரங்கூனில் அப்படித்தான் கடிதம் வந்திருக்க வேண்டும்.

கராச்சி–சென்னைத் தடம் ஒன்றோடு இத்துறை முடிந்துவிடவில்லை. 1932-இல் கராச்சிக்கும் டெல்லிக்கும் இடையே அஞ்சல் சுமந்தது ஒரு பறப்போர் கழகம்: டெல்லி ஃபிளையிங் கிளப். இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் ரங்கூன் தடத்தைத் தவிர டாக்காவுக்கும், 1934 டிசம்பர் முதல் கராச்சி–லாகூர் தடத்திலும் பறந்தது. 1937-இல் ஏர் சர்வீசஸ் ஆஃப் இந்தியா பம்பாயிலிருந்து கத்தியவார் சமஸ்தானங்களுக்குப் பறந்தது. 1938 பிப்ரவரி இறுதியில் பேரரசு வானஞ்சல் திட்டம் வந்து, அத்திட்டத்தில் அடங்கிய பேரரசு நாடுகளுக்கான கடிதங்களுக்குக் கூடுதல் விமானக் கட்டணம் நீங்கியது. இந்தியத் தனியார் வானஞ்சலைச் சேகரிக்க நினைப்பவர் 1932-க்கும் 1938-க்கும் இடைப்பட்ட ஆறாண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே வாழ்நாளுக்குப் போதும்.

ஓர் உறையை எப்படி வாசிப்பது

முதலில் முன்பக்கம். தலையைப் பார்க்குமுன் தலைமேல் விழுந்த முத்திரையின் ஊரையும் நாளையும் பாருங்கள். பிறகு கட்டணத்தைக் கூட்டுங்கள்: சாதாரண அஞ்சல் கட்டணமும் விமானக் கூடுதலும் சேர்ந்து அக்காலத்து விகிதத்தோடு பொருந்துகின்றனவா? மேல் மூலையில் வழிக்குறிப்பு இருக்கும். "கராச்சி வரை வான்வழி" என்றோ, "கராச்சி–சென்னை வான்வழி" என்றோ அனுப்பியவர் எழுதியிருப்பார். இந்தச் சிறு குறிப்பு பல சமயம் தலையைவிடப் பெறுமதி உடையது.

நீலச் சீட்டின்மேல் இரண்டு தடித்த கோடுகள் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தால், யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று வருந்த வேண்டாம். அது அஞ்சலகத்தின் குறி. 'விமானப் பயணம் இவ்விடத்தோடு முடிந்தது. இனி தரைவழி அல்லது கடல்வழி' என்பது அதன் பொருள். அக்கோடுகள் எந்த ஊரில் விழுந்தன என்று கண்டுபிடிப்பது இப்பொழுதுபோக்கின் தனிச்சுவை. முதல் பயணத்து உறைகளில் அதைக் குறிக்கும் நினைவு முத்திரையும், சிலவற்றில் விமானியின் கையொப்பமும் இருக்கும்.

பின்பக்கம் இன்னும் முக்கியம். வந்து சேர்ந்த அஞ்சலகத்தின் முத்திரை அங்கேதான் விழும். புறப்பட்ட நாளுக்கும் சேர்ந்த நாளுக்கும் உள்ள இடைவெளி, விமான அட்டவணைக்கு ஒத்துவர வேண்டும். கராச்சியில் அக்டோபர் 15 காலை விமானம் ஏறிய கடிதம் சென்னையில் 16-இல் முத்திரை பெற்றிருந்தால் பொருந்துகிறது. 20-ஆம் தேதி முத்திரை என்றால், அது விமானத்தைத் தவறவிட்டு இரயிலில் வந்திருக்கலாம். எனினும் வெட்ட வேண்டாம், அதுவும் ஒரு கதைதான்.

உறைகளில் இரு இனம் உண்டு. சேகரிப்பாளர்கள் தங்களுக்கே அனுப்பிக்கொண்டவை ஒன்று. வேலை நிமித்தம் பறந்தவை மற்றொன்று. முன்னதில் கல்கத்தாவின் ஸ்டீபன் ஸ்மித்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பல் மருத்துவம் பயின்ற அவர், வானஞ்சல் மோகத்தால் இந்தியாவின் முதல் பயணங்கள் பலவற்றுக்கும் உறைகள் தயாரித்தார். விமானம் போதாதென்று 1934 முதல் ராக்கெட்டில் கடிதம் வைத்து ஏவினார். 1935-இல் தாமோதர் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சேவலையும் பெட்டைக் கோழியையும் ராக்கெட்டில் அனுப்பி உயிரோடு இறக்கினார். இந்திய அஞ்சல் துறை 1992-இல் அவருக்குத் தலை வெளியிட்டது. அவர் கைப்பட்ட உறைகள் அழகானவை, ஒழுங்கானவை, ஓரளவு கிடைக்கக்கூடியவை. புதிதாகத் தொடங்குபவர் இவற்றிலிருந்து தொடங்கலாம். கிழிந்து கசங்கி, ஓரத்தில் கோப்புத் துளையிட்ட வணிக உறைகளோ அரிது. எவரும் அவற்றைப் பாதுகாக்க நினைக்கவில்லை. என் விருப்பம் எப்போதும் இரண்டாவதன் பக்கம். அவற்றில் மட்டுமே ஒருவருக்கு அவசரம் இருந்தது.

போலிகள்

விலை உள்ள இடத்தில் போலியும் உண்டு. 1911 முத்திரையைப் போலியாகக் குத்திய அட்டைகள் சந்தையில் உலவுகின்றன. வாங்குமுன் சில எளிய சோதனைகள் செய்யலாம். முத்திரையின் நாளுக்குப் பின் வெளியான தலை ஒட்டியிருந்தால் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. முகவரி பந்துமுனைப் பேனாவால் எழுதப்பட்டிருந்தால் அது 1932-இன் உறை அன்று. அப்பேனா சந்தைக்கு வந்ததே அதற்குப் பத்தாண்டுக்குப் பிறகு. புற ஊதா விளக்கின்கீழ் தாள் நீலவெண்மையாய்ப் பளிச்சிட்டால், அதில் வெளுப்பூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அவ்வகைத் தாள் பரவலானது 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில். பழைய உறையின் அஞ்சல் குறியீட்டுக் கட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; பின்கோடு வந்தது 1972-இல். அப்படியும் ஒன்றை என்னிடம் விற்க வந்தார் ஒருவர்.

இச்சோதனைகளில் தேறிவிட்டதாலேயே ஓர் உறை உண்மையானது என்று ஆகிவிடாது. பெருந்தொகை கொடுக்கும்போது அனுபவமுள்ள சேகரிப்பாளர் இருவரிடமாவது காட்டுவதும், தேர்வுக்குழுவின் சான்றிதழ் கேட்பதும் நல்லது. அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் அவசரப்பட வேண்டாம்.

இத்தீவின் ஈரம்

இருபருவ மழையும் பெய்யும் ஊர் இது. ஆண்டில் பெரும்பகுதி காற்றில் நீர் நிற்கிறது. தாளுக்கு இதைவிடக் கொடிய பகை இல்லை. ஈரத்தால் வரும் துரு நிறப் புள்ளிகள் பூஞ்சையின் வேலை. ஒரு உறையில் தோன்றினால் பக்கத்து உறைக்கும் பரவும். ஆகவே புள்ளி விழுந்ததைத் தனியே பிரித்து வையுங்கள். ராமபாணப் பூச்சி பசையைத் தேடி வரும். தலையின் பின்புறப் பசையும் உறையின் மடிப்புப் பசையும் அதற்கு விருந்து.

கடையில் மலிவாகக் கிடைக்கும் கெட்டி மணம் வீசும் பிளாஸ்டிக் உறைகள் பி.வி.சி. வகையைச் சேர்ந்தவை. காலப்போக்கில் அவை பிசுபிசுத்து, முத்திரை மையைத் தம்மேல் இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ராப்பிலீன் உறைகளே தகுந்தவை. அமிலமற்ற தாளை இடையில் வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அந்துருண்டை தாளைத் தொடக் கூடாது. ஒட்டுநாடா எக்காரணம் கொண்டும் வேண்டாம். கிழிந்தது கிழிந்தபடியே இருக்கட்டும். வெயில் அடிக்கும் நாளில் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட வையுங்கள். நேர்வெயில் கூடாது, செந்நீல மை வெளிறிவிடும்.

ஒவ்வொரு உறையையும் முன்னும் பின்னும் படமெடுத்து, எங்கே எப்போது என்ன விலைக்கு வாங்கியது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதன் படியை வேறிடத்தில் வையுங்கள். புயல் வரும் ஊரில் இது மிகையான எச்சரிக்கை அன்று.

வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால் இரண்டு செய்திகளை அறிந்து வையுங்கள். பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. உள்ளிருக்கும் பொருளுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை. ரிசர்வ் வங்கியின் இப்போதைய விதிப்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அது பொருந்தாது. மற்றொன்று, பெட்டகம் மூடிய இரும்பு அறை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறந்தால் உள்ளே ஈரம் தங்கிவிடும். சிலிக்கா ஜெல் அங்கும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரிலும் போக வேண்டும். நியமனதாரரைப் பதிவு செய்வதோடு, அவருக்கு அது கத்தரிக்கக் கூடாத பொருள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

விலையைப் பற்றி ஒரு சொல். இது வைப்புத்தொகை அன்று. வட்டி தராது, விற்க நினைத்த நாளில் வாங்குபவர் இருப்பார் என்ற உறுதியும் இல்லை. ஓய்வூதியப் பணத்தை இதில் போடச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். குடும்பத்துப் பழங்கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதற்கோ செலவு எதுவும் இல்லை.

சிறுவனின் கண்காட்சிக்கு அந்த ஒரே துண்டைத்தான் வைத்தோம். பாலியெஸ்டர் உறையில் அதைப் போட்டு, இருபுறமும் தெரியுமாறு தொங்கவிட்டு, பக்கத்தில் கல்கத்தா–ரங்கூன் வரைபடம் ஒன்றை அவன் கையால் வரைந்தான். ஊறவைத்த நாற்பது தலைகளையும் வரிசையாகக் கீழே ஒட்டினான். பார்க்க வந்த ஓர் ஆசிரியை, இவை எந்தெந்தக் கடிதத்திலிருந்து வந்தவை என்று கேட்டார். அவனால் சொல்ல முடியவில்லை.

சென்ற வாரம் அவன் தாயார் தகரப் பெட்டியின் அடித்தட்டை நிமிர்த்தியபோது, வாழைநாரால் கட்டிய இன்னொரு கட்டு அகப்பட்டதாம். பிரிக்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவந்து தந்தார். மேலே தெரியும் உறையில் பென்சிலால் சிவப்புக் கோடிட்ட ஒரு வழிக்குறிப்பு இருக்கிறது. ஈரத்தில் எழுத்துகள் கலங்கியிருக்கின்றன. இரண்டு நாள் வெயில் அடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம்.